மேசை போட ஓர் அறை

சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது சுகமான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் அப்படி இருந்து பார்க்க வேண்டும். வேலை இருக்கும் நாளில் நேரம் தன்பாட்டில் போய்விடும். வேலை இல்லாத நாளில் அதை நாம்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கல்முனையில் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் நான் தட்டெழுத்தாளராக இருந்தேன். வருடத்தில் பாதி நாள் எனக்குக் கிடைத்த வேலை நேரத்தைத் தள்ளுவதுதான்.

எங்கள் கந்தோரின் பரபரப்பு வயலோடு வந்து வயலோடு போகும். விதைப்புக்கு முன் கூட்டங்கள் நடக்கும். வாய்க்கால் வெட்டு, மதகு திருத்தம், எந்த வயல்வெளிக்கு எப்போது தண்ணீர் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போகும். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானைமார் தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு விறாந்தை நிறைய நிற்பார்கள். தண்ணீர் திறந்த பிறகு முறைப்பாடுகள் வரும். மேல் வயல்காரன் மறித்துவிட்டான், கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஒவ்வொருவரும் சத்தம் போடுவார்கள். அப்போதெல்லாம் என் விரல் நுனி காய்த்துப் போகும். பிறகு கதிர் முற்றும், தண்ணீரை நிறுத்துவார்கள். அன்றிலிருந்து எங்களைத் தேடி ஒருவரும் வரமாட்டார்கள். அறுவடை, சூடடிப்பு என்று ஊரே வயலில் கிடக்கும்போது நாங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

பொறியியலாளர் அம்பாறைக்குக் கூட்டத்துக்குப் போனார் என்றால் போனதுதான். கந்தோரை நடத்தியவர் பிரதம லிகிதர். பாண்டிருப்புக்காரர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் ஓயாத வெற்றிலை. அவருக்கு ஒரேயொரு சட்டம்தான் இருந்தது. வேலை இல்லாவிட்டாலும் மேசை வெறுமையாக இருக்கக்கூடாது. வெளியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கடிதக் கோவை விரித்தபடி இருக்க வேண்டும். என் மேசையில் இருந்தது எப்போதோ கட்டி முடித்த ஒரு மதகைப் பற்றிய கோவை. காலையில் விரிப்பேன், பின்னேரம் மூடுவேன். அந்த மதகைப் பற்றி அதைக் கட்டிய மேசனுக்குக்கூட என்னளவுக்குத் தெரிந்திருக்காது.

அவர் தன் மேசையில் விரிப்பது பத்திரிகையை. முன்பக்கத்தை ஒப்புக்குப் பார்த்துவிட்டு நேராக மரண அறிவித்தலுக்குப் போவார். அதை வாய்விட்டு வாசிப்பார். கண்ணால் கண்டிராத யாழ்ப்பாணத்து மனிதர்களின் மருமக்களும் சம்பந்திகளும் பேரப்பிள்ளைகளும் எங்களுக்கு அத்துப்படியானார்கள். யாராவது இளவயதில் போயிருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு பியூனைத் தேநீருக்கு அனுப்புவார். பியூன் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, தேநீர் ஆறிய பிறகுதான் வந்து சேர்வார். யாரும் கோபிப்பதில்லை. அவர் சுணங்கினால் அந்த நேரத்துக்காவது எதிர்பார்க்க எங்களுக்கு ஒன்று இருக்கும்.

நான் தட்டெழுத்து இயந்திரத்தின் எழுத்துகளுக்குள் இறுகிய மையை ஊசியால் கிளறி எடுத்தேன். அது முடிந்ததும் பழைய தாளைச் செருகி, புள்ளியையும் கோட்டையும் தட்டித் தட்டி ரோசாப்பூச் செய்தேன். ஒருதரம் பிரதம லிகிதரின் முகத்தைச் செய்து, காது பெருத்துப் போனதால் கிழித்துப் போட்டேன். எனக்குப் பொறுமை குறைவு. உம்மா என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லும் முதல் குறை அதுதான். அப்படிப்பட்ட ஒருத்தியைக் காலையிலிருந்து பின்னேரம்வரை ஒரு கதிரையில் இருத்தி, வேலையும் கொடுக்காமல் விட்டால் அவள் எதையாவது தலைக்குள் போட்டுக்கொள்ளத்தான் செய்வாள். நான் போட்டுக்கொண்டது ஒரு மனிதரை.

அவர் எங்கள் கந்தோரில் பிளான் கீறுபவர். ஊர் மாவடிப்பள்ளி, வேளாண்மைக் குடும்பம். வாப்பா மவுத்தாகிப் போய்விட, உம்மாவோடு இருந்தார். வடக்கு ஜன்னலோரம் அவருடைய சாய்வு மேசை. அதில் வாய்க்காலையும் அணைக்கட்டையும் கறுப்பு மையால் அவர் கீறும்போது கை நடுங்குவதை நான் ஒருநாளும் கண்டதில்லை. வேலை இல்லாத நாளில் பென்சில்களைச் சீவி வரிசையாக அடுக்குவார். அடுக்கி முடிந்ததும், கூர் போதாது என்று திரும்பவும் சீவுவார். அதிகம் கதைக்கமாட்டார். என்னை ‘மிஸ்’ என்பார். மற்றவர்கள் அவரைக் காக்கா என்று கூப்பிட்டார்கள். அண்ணன் முறை சொல்லும் அந்தச் சொல் எனக்கு மட்டும் வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் அவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமலேயே காலம் தள்ளினேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டியாக வேண்டும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடியிருக்க வருவார். வீட்டைக் காட்டாமல் கலியாணப் பேச்சை எடுக்க முடியாது. பேச்சை எடுக்க வேண்டியதும் பெண் வீட்டார்தான். ஆள் அனுப்பி மாப்பிள்ளை கேட்பது எங்கள் வேலை. கேட்கும்வரை பார்த்துக்கொண்டு இருப்பது அவர்கள் வேலை. ஓர் ஆண் தானாக வாய் திறந்து கேட்டால், இவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் ஊர் நினைக்கும். நான் வீட்டுக்கு ஒரே பெண். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெறுங்காணி இருந்தது. என் சம்பளமும் வாப்பாவின் வயலில் மிஞ்சுவதும் கல்லாகவும் சீமெந்தாகவும் அங்கே போய்ச் சேரத் தொடங்கியிருந்தன.

ஓய்ந்த நாளொன்றில் பிரதம லிகிதரிடம் நான் மேசனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன். முதல் நாள் மேசன் வந்து ஒரு தடியால் மணலில் வீட்டைக் கீறிக் காட்டினார். கீறி முடிப்பதற்குள் எங்கள் கோழி குறுக்கே நடந்து குசினியை அழித்துவிட்டது. ஜன்னலோரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“காணிட அளவத் தாங்க மிஸ், நான் கீறித் தாறன்” என்றார்.

அடுத்த நாளே கீறித் தந்தார். இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் சின்ன விறாந்தை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதைக்கூட வளைவாகக் காட்டியிருந்தார். நான் பார்த்துவிட்டு நல்லது என்றேன். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். இரண்டு நாள் கழித்துத் தாளைத் திரும்ப வாங்கினார். ஆட்கள் வந்தால் இருக்க ஒரு ஹோல் வேண்டுமே என்றார். ஹோல் வந்தது. அதற்குப் பிறகு ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு நடை வந்தது. நடைக்கு வெளிச்சம் போதாது என்று ஒரு சின்ன முற்றம் வந்தது.

இப்படித்தான் எங்களுக்கு நாள் போயிற்று. கதவு, ஜன்னல், அளவு. இவற்றைப் பற்றி ஓர் ஆணும் பெண்ணும் கந்தோரில் எல்லோர் முன்னாலும் எவ்வளவு நேரமும் கதைக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் எழும்பிப் போய் அவர் மேசையருகே நிற்பேன். அவர் பென்சிலால் காட்டுவார். ஜன்னலை இன்னும் அரை அடி தள்ளலாமா என்று கேட்பார். தள்ளினால் என்ன, தள்ளாவிட்டால் என்ன என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பின்னேரம்வரை அந்த அரை அடியைக் கதைப்போம். பிரதம லிகிதரும் சில வேளை பத்திரிகையை இறக்கிவிட்டுச் சேர்ந்துகொள்வார். அடுப்பு அக்கினி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். அவருக்காகக் குசினி தென்கிழக்குக்கு மாறியது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அடுப்பு எரிவது பாண்டிருப்புச் சாத்திரப்படிதான்.

அடுத்த போகத்து அறுவடை நாட்களில் ஒரு காலை, அவர் புதிதாக ஓர் அறையைச் சேர்த்திருந்தார். வீட்டின் ஓரத்தில், மற்ற அறைகளைவிடச் சிறியது.

“இதுல ஒரு மேச போடலாம் மிஸ். வடக்குப் பாத்த ஜன்னல். பகல் முழுக்க வெளிச்சம் ஒரே மாதிரி இரிக்கும்” என்றார்.

எங்கள் வீட்டில் மேசை போட யாருக்கும் தேவை இருக்கவில்லை. வாப்பா சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு பத்திரிகையைத் தூரப் பிடித்து வாசிப்பவர். உம்மாவுக்கு எழுத்து வேலை இல்லை. எனக்கு மேசையைக் கண்டாலே வெறுப்பு. வடக்கு வெளிச்சத்தில் மேசை போட்டு வேலை செய்யும் ஒரே ஆள் அந்தக் கந்தோரில் அவர்தான். வாயால் கேட்க முடியாத மனிதர் பென்சிலால் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். எப்படிப்பட்ட வீட்டுக்கு வருவேன் என்று சொல்கிறார், அதைக் கட்டிவிட்டு வந்து என்னைக் கேளுங்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்தப் பிளானை வீட்டுக்குக் கொண்டுபோனேன். உம்மாவிடம் சொன்னேன். உம்மா கையிலிருந்த மீனை வெட்டி முடித்துவிட்டு, தொழுகிற பிள்ளையா என்று மட்டும் கேட்டார். உம்மா சொல்லி வாப்பாவுக்கும் தெரிந்தது. வாப்பாவுக்கு மாவடிப்பள்ளியில் பழக்கம் உண்டு. விசாரித்துவிட்டு வந்து, நல்ல குடும்பம் என்றார். மேசனிடம் பழைய அளவுகளை விட்டுவிட்டு இந்தப் பிளான்படி கட்டச் சொன்னேன்.

இதைக் கந்தோரில் நான் சொல்லவில்லை. வீட்டு வேலை எந்த அளவில் என்று அவர் கேட்டால், நடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வேன். நீங்கள் கீறியதைத்தான் கட்டுகிறோம் என்று சொல்வது, நீங்கள் வாருங்கள் என்று சொல்வதற்குச் சமம். அது ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டிய விஷயம். என் வாயால் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. அவரோ கீறிக்கொண்டே இருந்தார். ஹோலுக்கு ஒரு வளைவு வந்தது. மேசை அறைக்குச் சுவரோடு தட்டுகள் வந்தன. ஒவ்வொரு மாற்றத்தையும் நான் வீட்டுக்குச் சுமந்துபோனேன். ஒரு வளைவுக்காகக் கட்டிய சுவரை இடிக்கச் சொன்னபோது மேசன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

“இந்தப் பிளான் கீறுற ஆளுக்கு வேற வேல வெட்டி இல்லியா புள்ள?” என்று கேட்டார்.

உண்மையில் இல்லைதான். எனக்கும் இல்லை. அப்போது அதை யோசிக்கவில்லை. மேசனிடம் கோபித்துக்கொண்டேன்.

இரண்டு அறையும் குசினியும் எழும்பின. ஒருநாள் பின்னேரம் வாப்பா வயலால் வந்து, கால் கழுவிவிட்டு, அந்தச் சுவர்களைச் சுற்றி நடந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இது காணும் மகள். ஆள அனுப்பிக் கேப்பமே.”

“ஹோலும் மேச அறயும் முடியட்டும் வாப்பா. அரகொற வூட்டக் காட்டிக் கேக்க எனக்கு வெக்கம்” என்றேன்.

கட்டியது போதும் என்று வாப்பா வற்புறுத்தவில்லை. நான் பிடித்தால் பிடிதான் என்று அவருக்குத் தெரியும். என்னோடு ஒருநாளும் கோபித்ததில்லை. அன்றைக்கு ஒருதரம் கோபித்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். படித்த மாப்பிள்ளையை இரண்டு அறைக்குள் கூப்பிடுவது அவருக்குக் குறைவு என்று எனக்குப் பட்டது. அவரிடம் கேட்காமலேயே அவருக்கு எது குறைவு, எது நிறைவு என்று நானே முடிவு செய்துகொண்டு இருந்தேன்.

போகங்கள் வந்து போயின. சீமெந்து கிடைத்தால் மேசன் கிடைக்கவில்லை, மேசன் கிடைத்தால் மழை வந்தது. ஒரு வருடம் விளைச்சல் சரியில்லாமல் வேலை அப்படியே நின்றது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பொறுமையில்லாதவள் என்று பெயர் எடுத்த நான் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமையாக இருந்தேன். கந்தோரில் அவர் இருந்தார், ஜன்னல் இருந்தது, கதைக்க அரை அடிகள் இருந்தன. தண்ணீரை எப்போது நிறுத்துவார்கள் என்று நான் நாள் பார்த்திருப்பேன். ஊரில் எல்லோரும் அறுவடைக்குக் காத்திருந்தார்கள். நான் வேலையில்லாத நாட்களுக்குக் காத்திருந்தேன்.

அந்த வீட்டுக்குப் பின்னாளில் வேறொருவர் வந்தார். நல்ல மனிதர், கடை வைத்திருந்தார், என்னை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மேசை தேவைப்படவில்லை. அந்த அறைக்குள் பிள்ளைகளின் சைக்கிள்களும் பழைய பாய்களும் போய்ச் சேர்ந்தன.

ஹோலின் சுவர் ஜன்னலுக்கு மேலே லின்டல் மட்டத்துக்கு வந்திருந்த நாட்களில் ஒரு காலை. கந்தோரில் வழக்கம்போல் ஒரு வேலையும் இல்லை. ஜன்னலோரத்துக்காரர் லீவு. பிரதம லிகிதர் மரண அறிவித்தலை வாசித்து முடித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நம்மட பிளான்காரருக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறதாம் என்றார். நிந்தவூரில் பெண். வீடு கட்டி, மின்சாரமும் எடுத்து, ஆயத்தமாக வைத்துக்கொண்டு வந்து கேட்டார்களாம். சொல்லிவிட்டு, உங்கள் வீட்டு வேலை எந்த அளவில் பிள்ளை என்று கேட்டார். லின்டல் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பத்திரிகைக்குள் போனார். அதற்குப் பிறகு அவர் அன்று எதையும் சத்தமாக வாசிக்கவில்லை. அவருக்கு எல்லாம் முதலே விளங்கியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வீட்டுக்குப் போய் உம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். வாப்பா அடுத்த நாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு மாவடிப்பள்ளிக்கு, பிளான்காரர் வீட்டுக்குப் போனார். அவருடைய உம்மா தேநீர் கொடுத்து மரியாதையாகப் பேசினாராம். வெள்ளிக்கிழமை வாக்குக் கொடுத்துவிட்டோம், கொடுத்த வாக்கை எடுக்க முடியாது என்றாராம். வாப்பா திரும்பி வந்து இதை உம்மாவிடம்தான் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய், கட்டிக்கொண்டிருந்த சுவரருகே நின்றார்.

அவர் லீவு முடிந்து கந்தோருக்கு வந்த அன்று, பிரதம லிகிதர் வெற்றிலை வாங்கிவருவதாகச் சொல்லி எழும்பினார். வெற்றிலைக்கு எப்போதும் பியூனை அனுப்புபவர் அன்று பியூனையும் கூட்டிக்கொண்டு தானே போனார். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். நான் மதகுக் கோவையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

“ஒங்கட வாப்பா வந்த எண்டு உம்மா சொன்ன” என்றார் அவர். “ஏன் மிஸ், இவ்வளவு காலமும் வராம? நான் ஒங்கட வூட்டால ஆள் வரும், ஆள் வரும் எண்டு பாத்துக்கிட்டுத்தானே இரிந்த.”

“வூடு முடியல்ல” என்றேன்.

“எந்த வூடு?”

“நீங்க கீறித் தந்த வூடு.”

அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “அதயா கட்டுறீங்க? ஹோல், மேச அற, எல்லாமா?”

“ஓம்.”

அவர் மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, திரும்ப வைத்தார்.

“ஆசயாக் கீறின மிஸ். கீறி முடிஞ்சா ஒங்களோட கதைக்க எனக்கு என்ன சாட்டு இரிக்கி? அதுக்காகத்தான் கூட்டிக் கூட்டிக் கீறின. அதெல்லாம் கட்டோணும் எண்டு நான் சொன்னனா? எனக்கு ரெண்டு அற காணும்.”

எனக்குக் கோபம் வந்தது. இதை முதலே சொன்னால் என்ன என்று அவர் மேல் வந்தது. பிறகு அவர் எப்படிச் சொல்வார் என்று நினைத்தபோது யார் மேல் கோபிப்பது என்று தெரியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் என் வாய்வரை வந்தது. அதை இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிக்கொண்டேன். அந்த இரண்டு அறைக்கும் ஓடு போட்டு, கதவு மாட்டி, ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வெறுமனே கிடக்கிறதே என்று வாப்பா அதற்குள் நெல் மூடைகளை அடுக்கி வைத்திருந்தார்.